நூறு கிலோவுக்கு ஒரு லீவு

உலக வரலாற்றின் போக்கை மாற்றிய நிகழ்வுகளின் பட்டியலில் உடனடியாகச் சேர்க்கப்பட வேண்டிய செய்தி: சென்ற ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு பத்துக்கு, கடைத் தராசுகளைச் சோதிக்கும் நாற்பத்தொன்பது வயதான முத்திரை ஆய்வாளர் ஒருவர், தம் வீட்டுக் கார் ஷெட்டில், நூறு கிலோ இரும்பைத் தோளின் முன்பக்கம் தாங்கி, உட்கார்ந்து, எழுந்தார். உட்காருவது எல்லாருக்கும் வரும். எழுந்ததுதான் செய்தி.

ஷெட்டில் கார் கிடையாது, ஒருநாளும் இருந்ததில்லை. அது மகளின் இடம். வீட்டில் அவளுக்குச் 'சுண்டு' என்று பெயர். தன்னைவிடக் கனமான பாரத்தைத் தலைக்கு மேல் தூக்கி நிறுத்துகிற பெண்ணுக்கு வைத்த பெயர் அது. ஏதோ ஒரு பளுதூக்கும் கிளப்பை மூடியபோது கிடைத்த பழைய இரும்புப் பாரையும் அதில் மாட்டும் தட்டுகளையும் வைத்துக்கொண்டு அவள் அங்கே மூன்று வருஷம் பழகினாள். அந்த மூன்று வருஷமும் ஆய்வாளர் ஷெட்டை எட்டிப் பார்த்தது "சாப்பாடு ஆறுது" என்று சொல்வதற்கு மட்டும். பிறகு விளையாட்டு ஹாஸ்டலில் இடம் கிடைத்தது. ரயிலில் ஒரு பகலும் ஓர் இரவும் போக வேண்டும். சுண்டு போய்விட்டாள். இரும்பு இங்கேயே தங்கிவிட்டது.

ஹாஸ்டலில் செல்போன் ஞாயிறு நாலு மணி முதல் நாலே கால் வரைதான். அந்தக் கால் மணி நேரத்தில் ஆய்வாளரின் பங்கு வருமாறு:

"சாப்பிட்டியா?"

"சாப்பிட்டேன்ப்பா."

"உடம்பு?"

"நல்லா இருக்கு."

"சரி, அம்மாகிட்ட குடுக்கறேன்."

பன்னிரண்டு விநாடி. மீதி நேரமெல்லாம் மனைவி பேசுவார். ஆய்வாளர் பக்கத்தில் நின்று சுவர்க் கடிகாரத்தை முறைப்பார். கடைவீதியில் இவர் தலை தெரிந்தால் தராசுகளே நிமிர்ந்து நிற்கும் என்பது அலுவலகத்தில் பேச்சு. ஐந்நூறு கிராம் எடைக்கல்லில் இரண்டு கிராம் குறைந்தாலும் நோட்டீஸ் கொடுத்துவிடுவார். ஆனால் பெற்ற மகளிடம் மூன்றாவது கேள்வி என்ன கேட்பது என்று எந்தச் சட்டப் பிரிவிலும் எழுதியிருக்கவில்லை.

ஐந்து மாதம் இப்படியே போனது. ஒரு ஞாயிறு, போனை மனைவியிடம் நீட்டப் போனவர் திரும்ப இழுத்துக்கொண்டார்.

"ஏம்மா, பாரை முன்னாடி தோள்ல வச்சுக்கிட்டு உட்கார்ந்து எந்திரிப்பியே, அதுக்கு என்ன பேரு?"

"ஃப்ரண்ட் ஸ்குவாட். ஏன்ப்பா?"

"சும்மாதான். நானும் பண்ணிப் பார்க்கலாம்னு."

மறுமுனையில் சிரிப்பு. ஐந்து மாதமாக அந்த வீட்டில் கேட்காத சிரிப்பு. "அப்பா, முதல்ல வெறும் கம்பு எடுங்க. விளக்குமாத்துக் கம்பு. கையால பிடிக்கக் கூடாது. விரல் சும்மா கொக்கி மாதிரி இருக்கணும், தோள்தான் தாங்கணும். முழங்கை எதிர்ச் சுவரைப் பார்க்கணும். முழங்கை இறங்கிச்சுன்னா பார் முன்னாடி உருண்டு போயிடும்."

அன்று ஆறு நிமிஷம் கிடைத்தது.

முதல் மாதம் பார் நேராகத் தொண்டையில் வந்து உட்கார்ந்தது. குரல் போய்விட்டது. ஆய்வாளர் கிசுகிசுவென்று எச்சரித்ததைக் கேட்ட கடைக்காரர்கள், மனிதர் பக்குவப்பட்டுவிட்டார் என்று பேசிக்கொண்டார்கள். இரண்டாம் மாதம் மணிக்கட்டு போயிற்று. அவருடைய கையெழுத்து அவருடையதுதானா என்று மேலிடம் விளக்கம் கேட்டது. பக்கத்து வீட்டுப் பல் டாக்டர் மதிலுக்கு மேலே தலையை நீட்டினார்.

"சார், தப்பா நினைக்காதீங்க. நீங்க பாரைத் தொப்புனு போடறப்பல்லாம் என் பேஷண்ட் வாயை மூடிக்கறாங்க. என் விரல் உள்ளே இருக்கு."

"முழங்கை இறங்கிடுது டாக்டர்."

"விரல் போனா எனக்கு முழங்கை எதுக்கு சார்?"

பள்ளி நூலகரான மனைவி எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டுதான் இருந்தார். தோளில் தைலம் தேய்த்துவிடும்போது ஒருநாள் கேட்டார்: "ஏங்க, பொண்ணு ஞாபகமாவே இருக்குன்னு வாயைத் திறந்து சொன்னா பல்லு கொட்டிடுமா?"

"இது உடற்பயிற்சி."

"ஆமாமா. ஊர்ல எல்லாரும் நடக்கப் போறாங்க. நீங்க மட்டும் கழுத்துல இரும்பைக் கட்டிக்கிட்டு முக்கறீங்க."

அவர் சட்டையை மாட்டிக்கொண்டு ஷெட்டுக்குப் போனார். இரண்டு கைகளையும் மார்புக்கு மேல் மடித்து, கனத்தோடு அடியில் உட்கார்ந்திருக்கும் அந்த ஒரு விநாடியில், ரயிலடியில் மகளுக்குத் தராமல் விட்ட ஏதோ ஒன்றை ஏந்தியிருப்பது போலத் தோன்றும் என்று இங்கே எழுதலாம். அவரைக் கேட்டால் "முட்டி வலிக்குது" என்பார்.

பாரம் ஐம்பது கிலோவைத் தொட்ட அன்று சுண்டு வாக்குக் கொடுத்தாள். "நூறு எடுங்கப்பா. லீவு போட்டு நேர்ல வந்து பார்க்கறேன்." ஹாஸ்டலில் போட்டி, தேர்வு என்று இரண்டு விடுமுறைகள் ஏற்கெனவே கரைந்திருந்தன. அதனால் அது சாதாரண வாக்கு அல்ல. அதன் பிறகு ஞாயிறுதோறும் ஒரு எண் போனது. அறுபத்திரண்டு. எழுபது. எழுபத்தெட்டு. "முழங்கை?" "மேலதாம்மா இருக்கு." "இடுப்பு முதல்ல எந்திரிக்குதா?" "கொஞ்சம்." தொண்ணூறில் ஏழு வாரம் நின்றார். அந்த ஏழு வாரமும் அவர் தராசுகளிடம் காட்டிய கோபம் தனிக் கதை.

பிறகுதான் மேற்படி வரலாற்று ஞாயிறு. மனைவி செல்போனில் படம் எடுத்தார். பக்கத்துக்கு இரண்டு நீலத் தட்டு, தட்டு இருபது கிலோ, ஆக எண்பது. பார் இருபது. மொத்தம் நூறு. நாலு மணி அடித்ததும் வீடியோவை அனுப்பிவிட்டு, இரண்டு பேரும் ஒரே போனில் காதை வைத்தார்கள்.

"அப்பா... முழங்கை அசையவே இல்லப்பா," என்றாள் சுண்டு.

அவளுக்குப் பின்னாலிருந்து அறைத்தோழியின் குரல் கணீரென்று வந்தது. "ஏய், நுனியில மஞ்சள் பட்டை இருக்கு பாருடி! அது லேடீஸ் பார்! பதினஞ்சு கிலோ!"

"வாயை மூடுடி!"

"தொண்ணூத்தஞ்சுதான்டி வருது!"

ஆய்வாளர் போனோடு ஷெட்டுக்குப் போனார், பின்னாலேயே மனைவியும். பாரின் இரு நுனியிலும் மஞ்சள் பட்டை. மஞ்சள் தட்டு பதினைந்து என்று ஒன்றரை வருஷமாகத் தூக்கத்திலும் சொல்வார். பாரில் இருந்த மஞ்சளை அழகுக்குப் பூசியது என்று நினைத்திருந்தார். ஊரில் இருக்கிற அத்தனை எடைக்கல்லையும் புரட்டிப் பார்த்த மனிதர், தன் கழுத்தில் இருந்ததை ஒருநாளும் நிறுத்துப் பார்க்கவில்லை.

"உனக்குத் தெரியுமாம்மா?"

"தெரியும்ப்பா. பாரை இருபதுன்னு சேர்த்து ஐம்பதுன்னு சொன்னீங்களே, அன்னைக்கே தெரியும்."

"ஏன் சொல்லல?"

"சொல்லியிருந்தா நூறு இன்னும் அஞ்சு கிலோ தள்ளிப் போயிருக்கும்ல. எனக்கும் வீட்டுக்கு வரணும்னு இருந்துச்சுப்பா."

மனைவி முகத்தைத் திருப்பிக்கொண்டார். ஆய்வாளருக்கு மூன்றாவது கேள்வி மட்டுமல்ல, முதலிரண்டும் மறந்துபோயின. "சரிம்மா" என்று நாலு தடவை சொன்னார். நாலே காலுக்குப் போன் அணைந்தது.

மறுநாள் பாரைத் துணியில் சுற்றி அலுவலகத்துக்கு எடுத்துப்போய் அரசாங்கத் தராசில் வைத்தார். பதினாலு கிலோ தொள்ளாயிரத்து நாற்பது. வேறு யாருடையதாக இருந்தாலும் நோட்டீஸ் போயிருக்கும். ஆட்டோவில் அதை மடியில் வைத்துக்கொண்டே வீட்டுக்குத் திரும்பினார். அடுத்த ஞாயிறு போனில், தொண்ணூற்றைந்துக்கும் வரலாம் என்று தீர்மானமாகி, சுண்டு மூன்று நாள் லீவுக்கு எழுதிக் கொடுத்திருந்தாள். மனைவி மெத்தையை வெயிலில் போட்டார். ஆய்வாளர் ஷெட்டைக் கழுவி, சுவருக்கு வெள்ளையடித்து, பார்ப்பவர் உட்கார ஒரு நாற்காலியும் போட்டு, பல் டாக்டரிடம் சனிக்கிழமை காலை மட்டும் யார் வாயிலும் விரல் வைக்க வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார்.

லீவு கிடைக்கவில்லை.