ரேடியோ சொன்ன ‘எது?’

1

இந்தக் கதை என் அக்கா வீட்டுச் சாப்பாட்டு மேஜையில் கிடைத்தது. திருடவில்லை, கேட்டுத்தான் எடுத்தேன்.

“எழுதிக்கவா?” என்றேன்.

“எழுது. ஆனா என்னை ரொம்ப நல்லவளா காட்டித் தொலைக்காதே. ஆபீஸ்ல சிரிப்பாங்க.”

அக்கா டாக்டர். ஆனால் இருமலுக்கு மருந்து கேட்டுப் போனால் திருப்பி அனுப்பிவிடுவாள். அவளுக்கு ராணுவத்தின் மருத்துவ ஆராய்ச்சிக் கூடத்தில் வேலை. வெயிலில் சுமையோடு நடக்கிற சிப்பாயின் உடம்புக்குள்ளே என்ன நடக்கிறது, அது எந்த இடத்தில் மக்கர் பண்ண ஆரம்பிக்கிறது என்று பார்க்கிற வேலை. “கெட்டுப்போன உடம்பை சரி பண்றது மத்த டாக்டருங்க வேலைடா. நல்லா இருக்கிற உடம்பு எப்ப கெடுதுன்னு கண்டுபிடிக்கிறது என் வேலை” என்பாள்.

கதையை எங்கே ஆரம்பிப்பது என்பதில் ஒரு வாரம் போனது. முதலில் எழுதியது இது:

வெயில் பழுக்கக் காய்ச்சிய இரும்பைப் போல அந்தச் சாலையின் மேல்

அதற்கு மேல் போகவில்லை. வெயிலைப் பற்றி எழுத எனக்கு என்ன தகுதி? ஃபேனுக்கு அடியில் உட்கார்ந்திருக்கிறேன். அடுத்தது:

அந்த மாத்திரையை முழுங்கச் சொன்னபோது இருபது சிப்பாய்களில் பத்தொன்பது பேர்

இதையும் நிறுத்திவிட்டேன். கதையின் முடிச்சு முதல் வரியிலேயே அவிழ்ந்துவிடுகிறது. (அவிழட்டுமே என்று இப்போது தோன்றுகிறது. அதனால்தான் அழிக்காமல் விட்டிருக்கிறேன்.)

2

மாத்திரையைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன், இது தெரியாமல் கதை நகராது.

அது மருந்து இல்லை. பெரிய சத்து மாத்திரை அளவில் ஒரு வெப்பமானி. முழுங்கினால் குடலுக்குள் போய் உட்கார்ந்துகொண்டு, உடம்பின் உள்சூட்டை இடுப்பில் கட்டிய பெட்டிக்கு அனுப்பும். பெட்டி அதை அக்காவின் கையில் இருக்கிற திரைக்கு அனுப்பும். வேலை முடிந்ததும் தானாக வெளியே போய்விடும்.*

* “அதைத் திருப்பிக் கொடுக்கணுமா மேடம்?” என்று ஒவ்வொரு குழுவிலும் ஒருத்தன் கேட்பானாம். “வேணாம்ப்பா, நினைவுப் பரிசா வெச்சுக்க” என்று அக்கா சொல்வாளாம்.

ஒரே ஒரு கண்டிஷன். முந்தின இரவே முழுங்கிவிட வேண்டும். நடக்கிற நேரத்துக்கு அது இரைப்பையைத் தாண்டிப் போயிருக்க வேண்டும். நர்ஸ் முன்னால் முழுங்கி, வாயைத் திறந்து காட்ட வேண்டும். இருபது பேரும் காட்டினார்கள்.

அந்த இருபது பேரில் ஒருத்தன் ரேடியோ. வாய் மூடாததால் வந்த பெயர். ஷூ லேஸ் கட்டும்போது பேசுவான், வரிசையில் நிற்கும்போது பேசுவான், தூக்கத்திலும் பேசுவான் என்று பக்கத்துக் கட்டில்காரன் ஒல்லி சத்தியம் பண்ணுவான். ரேடியோவிடம் ஒரு ஜோக் உண்டு. நம் தாத்தா காலத்து ஜோக். உங்களுக்கும் தெரிந்திருக்கும்.

“ஒருத்தன் டாக்டர்கிட்ட போறான். டாக்டர், எனக்கு மறதி ஜாஸ்தியாயிடுச்சுங்கிறான். டாக்டர் கேக்கறாரு, ‘எத்தனை நாளா?’”

இங்கே ரேடியோ நிறுத்துவான். தோளிலிருந்து பையை இறக்குகிற மாதிரி வாக்கியத்தை மெதுவாக இறக்கி வைப்பான். இந்தப் பக்கம் பார்ப்பான், அந்தப் பக்கம் பார்ப்பான். எவனாவது உதட்டைக் கடித்துக்கொண்டு நிற்கிறானா என்று தேடுவான். ஒருத்தன் சிக்கினதும், பச்சைக் குழந்தை மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு:

“எது?”

அவ்வளவுதான் ஜோக். பாதிச் சிரிப்பு அந்த நிறுத்தத்தில்தான் இருந்தது. நாளடைவில் முகாமில் யாரும் முழு ஜோக்கையும் கேட்பதில்லை. அவனைப் பார்த்ததும் “எத்தனை நாளா?” என்று கத்துவார்கள். வாய் நிறைய பேஸ்ட் நுரையோடு நின்றாலும் நிறுத்தி, இரண்டு பக்கமும் பார்த்து, “எது?” என்பான். அக்காவும் ஒரு நாள் கேட்டு, திரையைப் பார்ப்பதை விட்டுவிட்டுச் சிரித்துவிட்டாள்.

3

கதைக்கு ஒரு வில்லன் வேண்டுமே என்று கேப்டனுக்கு ஒரு முறுக்கு மீசை வைத்தேன். அக்கா வரைவைப் படித்துவிட்டு போன் பண்ணினாள்.

“டேய், அவருக்கு மீசையே கிடையாது.”

“கதைக்காக வெச்சேன்க்கா.”

“எடுத்துடு. கடைசியில அவரு என்ன பண்ணாருன்னு மறந்துட்டியா?”

மறக்கவில்லை. மீசையை எடுத்துவிட்டேன். இப்போது அவர் சும்மா ஒரு கேப்டன். பையன்களை அதட்டுவார். அவர்களுக்கு முன்னால் தண்ணீர் குடிக்கமாட்டார்.

அன்றைய நடை அவருடைய தேர்வு. மலை மீட்புப் படைக்கு ஆள் எடுக்கிற கடைசிச் சுற்று. எப்படியும் நடக்கத்தான் போகிறார்கள், நான் கூடவே வந்து அளந்துகொள்கிறேன் என்று அக்கா அனுமதி வாங்கியிருந்தாள். உள்சூடு முப்பத்தொன்பதரை டிகிரியைத் (சாதாரணமாக முப்பத்தேழு) தொட்டால் அந்த ஆளை அவள் நிறுத்தலாம். நின்றால் அவன் தேர்விலிருந்து அவுட். ரேடியோவுக்கு இது மூன்றாவது முறை. நான்காவது முறைக்கு விதியில் இடமில்லை.

4

நடந்தார்கள். முதுகில் பை, தோளில் துப்பாக்கி, நிழலே இல்லாத நீளமான தார்ச்சாலை. பின்னால் திறந்த வண்டியில் அக்கா. அதற்கும் பின்னால் ஐஸ் தொட்டியோடு ஒரு லாரி. ஒவ்வொரு நிறுத்தத்திலும் ஐஸ் பெட்டியிலிருந்து தண்ணீர். வயிறு முட்டக் குடிக்க வேண்டும், அது ஆராய்ச்சியின் விதி.

திரையில் பத்தொன்பது எண்கள் ஏறிக்கொண்டிருந்தன. முப்பத்தெட்டு, முப்பத்தெட்டரை, ஒன்றிரண்டு முப்பத்தொன்பது. ஒரே ஒரு எண் மட்டும் முப்பத்தேழைத் தாண்டவில்லை. ரேடியோ.

அக்காவுக்குக் கை பரபரத்தது. “நடமாடுற ஏசிப்பா அவன்” என்று டிரைவரிடம் சொன்னாளாம். அத்தனை சுமையிலும் அத்தனை வெயிலிலும் சூடேறாத ஒரு உடம்பு! இருபது வருஷ வேலையில் பார்த்ததில்லை. அந்த உடம்பின் சூட்சுமம் தெரிந்தால் எத்தனை பேரைக் காப்பாற்றலாம்! கட்டுரையின் முதல் வரி அவளுக்கு வந்துவிட்டது: “பங்கேற்றவர்களில் ஒருவரிடம் மட்டும் முற்றிலும் எதிர்பாராத”

(வரி பாதியில் நிற்கிறது, கவனித்தீர்களா. நான் ஃபேனுக்கு அடியில் செய்ததை அவள் வண்டியில் உட்கார்ந்து செய்துகொண்டிருந்தாள். இரண்டு பேருக்கும் அவரவர் கதை நன்றாக வர வேண்டும் என்ற ஆசை. என் கதை கெட்டால் நாலு பேர் படிக்கமாட்டார்கள், அவ்வளவுதான்.)

மூன்றாவது நிறுத்தம் தாண்டியதும் அவளுக்கு என்னவோ குறைகிற மாதிரி இருந்தது. வீட்டில் ஃபிரிட்ஜ் மோட்டார் நின்றதும் திடீரென்று நமக்குக் காது கேட்கும் பாருங்கள், அந்த மாதிரி. கொஞ்ச நேரம் கழித்துத்தான் பிடிபட்டது. ரேடியோவின் சத்தம் இல்லை.

வண்டியிலிருந்து குதித்து அவன் பக்கத்தில் நடந்தாள்.

“என்னப்பா, ஸ்டேஷனை மூடிட்டியா?”

“நல்லாயிருக்கேன் மேடம்.”

“பேட்டரியை மிச்சம் பிடிக்கிறான் மேடம்!” என்று முன்னாலிருந்து ஒல்லி கத்தினான். “மலை மேல போய் மொத்தமா பேசுவான்!”

அக்கா சிரித்தாள். சும்மா ஒரு சோதனைக்காகக் கேட்டாள்: “எத்தனை நாளா?”

“எது?” என்றான் ரேடியோ.

சுற்றி நடந்தவர்கள் எல்லாம் சிரித்தார்கள். அக்காவும் சிரித்தாள். திரையில் முப்பத்தாறு புள்ளி ஒன்பது. எண்ணும் சரி, ஜோக்கும் சரி. திரும்பி வண்டியில் ஒரு காலை வைத்தாள்.

இன்னொரு காலை வைக்கவில்லை.

5

இங்கே கொஞ்சம் நில்லுங்கள். மேலே போய் அந்த இடத்தை மறுபடி படியுங்கள். அவள் கேட்டதற்கும் அவன் சொன்னதற்கும் நடுவில் நான் எதுவுமே எழுதவில்லை. மறதியில்லை, அங்கே எதுவும் இல்லை. அவன் நிறுத்தவில்லை. இந்தப் பக்கம் பார்க்கவில்லை, அந்தப் பக்கம் பார்க்கவில்லை. ஜோக் சொல்கிறவன் சிரிப்பைத் தேடுவான். இவன் தேடவேயில்லை. எல்லாரும் சிரித்தபோது ஏன் சிரிக்கிறார்கள் என்பது போல ரோட்டைப் பார்த்துக்கொண்டே நடந்தான்.

அவன் ஜோக் சொல்லவில்லை. உண்மையிலேயே கேட்டிருக்கிறான். உள்சூடு எல்லை மீறினால் முதலில் குழம்புவது மூளைதான்.

“ரேடியோ, நில்லு! பையை இறக்கு!”

கேப்டன் ஓடி வந்தார். “என்ன டாக்டர்?”

“இவனை நிறுத்தறேன்.”

“நம்பர் என்ன?”

“முப்பத்தாறு புள்ளி ஒம்பது.”

“என் உடம்பே அதைவிட சூடா இருக்கும். பின்ன எதுக்கு?”

“ஜோக்கை சரியா சொல்லல.”

கேப்டன் அவளை ஒரு மாதிரி பார்த்தார். வெயில் டாக்டர் தலைக்கும் ஏறிவிட்டதோ என்று.

“டாக்டர், இது அவனுக்குக் கடைசி சான்ஸ். ஜோக் சரியில்லன்னு நான் மேலிடத்துக்கு எழுத முடியாது.”

“நீங்க எழுத வேணாம். நான் எழுதறேன்.”

“மேடம்,” என்றான் ரேடியோ, தெளிவாகவே. “விடுங்க மேடம். இன்னும் கொஞ்ச தூரந்தான்.”

அந்தத் தெளிவுதான் அக்காவைத் தயங்கவைத்ததாம். தப்பாகப் போனால் நல்லா இருக்கிற ஒருத்தன் பிழைப்பில் மண்ணைப் போட்டவளாகிவிடுவாள். ஆனாலும் அவன் பையின் வாரைப் பிடித்து அவளே அவிழ்த்தாள்.

அப்போதுதான் ஒல்லி வாயைத் திறந்தான்.

“மேடம்... அவன் நேத்து ராத்திரி மாத்திரையை முழுங்கல.”

“வாயைத் திறந்து காட்டினானே?”

“கன்னத்துல ஒதுக்கிக்கிட்டான். மாத்திரைன்னா அவனுக்கு பயம் மேடம். தொண்டையில நின்னுக்குமாம். இன்னிக்குக் கிளம்பறப்பதான் டீயை ஊத்தி, நாங்க முதுகுல நாலு தட்டு தட்டி...”

“கயித்துல தலைகீழா தொங்குறவனுக்கு மாத்திரைன்னா பயமா!” என்றார் கேப்டன். ஆனால் அவர் குரலில் அதட்டல் இல்லை.

அக்காவுக்குப் புரிந்துவிட்டது. மாத்திரை இன்னும் இரைப்பையிலேயே கிடக்கிறது. ஒவ்வொரு நிறுத்தத்திலும் அவன் குடித்த ஐஸ் தண்ணீர் அதன் தலையில் கொட்டியிருக்கிறது. இத்தனை நேரமும் அவள் அளந்தது அவன் குடித்த தண்ணீரை.

பழைய வெப்பமானியை, மரியாதையில்லாத இடத்தில்தான், வைத்துப் பார்த்தார்கள். நாற்பது புள்ளி எட்டு. அதற்குள் ரேடியோவின் முழங்கால் மடிந்துவிட்டது.

6

முடிவுகள். மூன்று எழுதிப் பார்த்தேன்.

ஒன்று: கேப்டன் மனம் இரங்கி, ரேடியோவுக்கு இன்னொரு வாய்ப்பு வாங்கித் தருகிறார். அக்கா இதை அடித்துவிட்டாள். “அப்படி ஒரு விதி இல்லடா. நீயா விதி போடாதே.” ஆக, அந்த இடம் போனது போனதுதான். என் பேனாவால் அதைத் திருப்பிக் கொடுக்க முடியாது.

இரண்டு: ரேடியோ குணமாகி, ராணுவத்தை விட்டு வந்து, நிஜமாகவே வானொலி நிலையத்தில்

ஐயோ, வேண்டாம்.

மூன்று: ரேடியோ மாத்திரையைச் சரியாகத்தான் முழுங்கியிருந்தான், எண் சரி, அக்காதான் தப்பு. இது எனக்கு முக்கியமாகப் பட்டது. போன் பண்ணிக் கேட்டேன். “அவனுக்கு ஒண்ணுமே இல்லாம இருந்திருந்தா? அப்பவும் நீ பண்ணது சரியாக்கா?”

அவள் யோசிக்கவேயில்லை. “அப்பவும் நிறுத்தியிருப்பேன். அவன் என்னை வாழ்நாள் பூரா திட்டியிருப்பான். திட்டட்டுமே. திட்டறதுக்கு ஆள் இருந்தா போதும் எனக்கு.”

(அக்காவை ரொம்ப நல்லவளாகக் காட்டக் கூடாது என்றாள். அவள் சொன்னதைத்தான் எழுதியிருக்கிறேன். ஆபீஸில் சிரித்தால் நான் பொறுப்பில்லை.)

7

லாரியின் ஐஸ் தொட்டியில் கழுத்து வரை ரேடியோ. தலை முங்காமல் ஒல்லி இரண்டு கையாலும் தாங்கிக்கொண்டிருந்தான். தண்ணீர் ஒரே இடத்தில் நின்றால் உடம்பைச் சுற்றிச் சூடாகிவிடும், கலக்கிக்கொண்டே இருக்க வேண்டும். கலக்கியது கேப்டன். சட்டைக் கையை மடிக்கக்கூட நேரமில்லாமல், கையை முழங்கை வரை ஐஸுக்குள் விட்டு, விரல் மரத்துப்போன பிறகும் கலக்கினார். மீசையை எடுக்கச் சொன்னது இதற்காகத்தான்.

எண் இறங்கியது. நாற்பது. முப்பத்தொன்பதரை. முப்பத்தொன்பதுக்குக் கீழே வந்ததும் அவனைத் தூக்கி லாரித் தளத்தில் கிடத்தினார்கள். அக்காவுக்குத் தெரியும், சூடு இறங்கிவிட்டால் ஆள் பிழைத்தான் என்று அர்த்தமில்லை. வெந்துபோன மூளை திரும்பி வந்ததா என்று பார்க்க வேண்டும். பெயர் என்ன, இது என்ன ஊர், என்ன கிழமை என்று கேட்பதற்கு முறையான கேள்விகள் உண்டு. அவள் கேட்பதற்கு முன்னால் ரேடியோ கண்ணைத் திறந்தான். ஒல்லி முந்திக்கொண்டான்.

“டேய் மாப்ள... எத்தனை நாளா?”

ரேடியோவின் உதடு அசைந்தது. ஒரே ஒரு சொல். அது என்ன சொல் என்று உங்களுக்குத் தெரியும். தெளிந்துவிட்டவனும் அதையேதான் சொல்வான், தெளியாதவனும் அதையேதான் சொல்வான்.

ரேடியோ அதை எந்த மாதிரி சொன்னான் என்று எனக்குத் தெரியும். அக்கா நடித்தே காட்டினாள். ஆனால் இங்கே எழுதப்போவதில்லை. அந்த லாரியில் குனிந்து நின்றபோது அவளுக்கும் தெரியாது; காதைக் கொடுத்துக் காத்துக்கொண்டிருந்தாள். உங்களையும் அங்கேயே நிற்கவைத்துவிட்டுப் போகிறேன்.

ஒல்லி கேட்டாகிவிட்டது. அடுத்த வரி உங்களுடையது. மனசுக்குள் படிக்காதீர்கள், வாய்விட்டுப் படியுங்கள். உடனே படித்தால் ஒரு முடிவு. இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்துவிட்டுப் படித்தால் வேறு முடிவு.

“எது?”