திமிங்கலத்துக்கு ஒரு நண்டு

பெர்த்தாவின் சாப்பாட்டுத் திட்டம் ஒரு நோட்டுத்தாளின் பின்பக்கத்தில் அடங்கிவிட்டது. வெள்ளி மதியம் மீன் ஊண், அதாவது மீனும் சோறும். சாயங்காலம் சாயாவும் வாழைப்பழத்தைப் பொரித்த பழம்பொரியும். ராத்திரிக்கு மறுபடியும் மீன் ஊண். சனி காலை ஆப்பம். ஆள் நான்கு: அவள், புருஷன் நிக்கோலஸ், சார்ஜாவிலிருந்து லீவில் வந்திருக்கும் மகன் ரெனில், அவன் பெண்டாட்டி ஜிஜி. பார்த்தால் ஒன்றுமில்லாத தாள். அதற்காக அவள் இரண்டு வாரம் மண்டையைப் போட்டு உடைத்துக்கொண்டிருந்தாள்.

விஷயம் இதுதான். மகள் ரெஷ்மா மூன்று வருஷத்துக்கு முன் பாலராமபுரத்துத் தறிக்காரர் வீட்டுப் பையன் மனுவை நெய்யாற்றின்கரை ரெஜிஸ்தர் ஆபீசில் வைத்துக் கல்யாணம் செய்துகொண்டாள். மாதா கோயிலில் கல்யாண ஓலை வாசிக்கவில்லை, சாமியாரிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அன்று சாயங்காலமே நிக்கோலஸ் கடற்கரையில், கரமடி வலை இழுத்துக்கொண்டிருந்த அத்தனை பேர் காதிலும் விழும்படி, "இனி அவ கையால பச்ச வெள்ளம் குடிச்சா நான் நிக்கோலஸ் இல்ல" என்று சொல்லிவிட்டார். சும்மா இருந்திருக்கலாம். ஊர் முழுக்கக் கேட்டபிறகு வார்த்தையை எப்படித் திருப்பி விழுங்குவது? மூன்று கிறிஸ்துமஸ் போயிற்று. மகளுக்கு அந்த வீட்டில் இலை போடவில்லை.

இந்த நேரத்தில்தான், ஆறு கடலில் சேரும் பூவார்ப் பொழிமுகத்தில் அந்தப் பார்க்கு வந்தது. ராட்டினம், சறுக்கிவிடும் குளம், தங்க ரூம், எல்லாம் உண்டு. போர்டில் இங்கிலீஷில் நீளமாக ஒரு பெயர். ஊருக்கு அது பார்க்கு. அங்கே மீன் சாப்பாட்டுக் கவுண்டரில் ரெஷ்மாவுக்கு வேலை கிடைத்து இரண்டு மாதம் ஆகிறது என்று ஜிஜிக்கு அவளிடமிருந்தே கடிதம் வந்தது. ஜிஜி அதை மாமியாரிடம் படித்துக் காட்டினாள். ஊரில் பாதிப் பேருக்குத் தெரியும். நிக்கோலஸிடம் சொல்ல யாருக்கும் தைரியமில்லை.

ரெனில் லீவுக்கு எல்லோரையும் ஒரு ராத்திரி பார்க்கில் தங்கக் கூட்டிப்போகிறேன் என்றான், ரூமும் சாப்பாட்டுக் கூப்பனும் சேர்த்து. பெர்த்தாவின் கணக்கு சுலபமானது. பார்க்கில் சாப்பாட்டுக்கு மூன்று இடம். ஒன்றில் கோழி பிரியாணி. நிக்கோலஸ் வெள்ளிக்கிழமை இறைச்சி தொடமாட்டார். வள்ளம் கவிழ்ந்து உயிரோடு கரையேறிய வருஷத்திலிருந்து அவருக்கு அந்த நேர்ச்சை. இன்னொன்று சுத்த சைவம். மீன் மணக்காத சோற்றை அந்த மனுஷன் ஆஸ்பத்திரியில் கிடந்தபோதும் தின்றதில்லை. மிச்சம் மீன் கவுண்டர். அதனால்தான் வெள்ளிக்கிழமை. ரெனில் வியாழக்கிழமை போகலாம் என்றதற்கு, "மக்கா, நீ பைசா குடு போதும். கெழமைய நான் பாத்துக்கிடுதேன்" என்றாள்.

"நம்ம கடலப் பாக்க நமக்கு டிக்கெட்டா?" என்று நிக்கோலஸ் படகில் ஏறும்வரை கேட்டுக்கொண்டே வந்தார். நியாயமான கேள்விதான். பார்க்கிலிருந்து பார்த்தால் அக்கரையில் அவருடைய மாதா கோயில் கோபுரம் தெரிந்தது. வீட்டுக்கும் ரூமுக்கும் கூப்பிடு தூரம்.

வாசலில் காவலுக்கு நின்ற மோகனன் அவர்கள் ஊர்க்காரன்தான். பையைத் திறந்து பார்த்துவிட்டு, "மூப்பரே, வெளிச் சாப்பாடு உள்ள விடமாட்டாவ" என்று மரச்சீனிக் கிழங்குப் பொதியை வாங்கி வைத்தான். நிக்கோலஸ் கத்தினார். பெர்த்தா கத்தவில்லை. பிடுங்கி வைப்பார்கள் என்று தெரிந்துதானே, அவர் கேட்ட கட்டுச்சோற்றுக்குப் பதில் வெறும் மரச்சீனியை அவித்துக் கட்டினாள்! மீன்கறி வைத்து வாசலில் பறிகொடுக்க அவளுக்கென்ன கிறுக்கா?

மோகனன் ஆளுக்கொரு தகர பேட்ஜ் கொடுத்தான். ஏழு தினுசு உண்டாம்: யானை, குரங்கு, மயில், கிளி, ஆமை, நண்டு, திமிங்கலம். ஏழையும் சேர்த்துக் காட்டினால் ஒரு சிவப்புத் தொப்பி இனாம். வந்தவர்கள் தங்களுக்குள் மாற்றிக்கொள்ளலாம். வேலைக்கு நிற்பவர்களும் நெஞ்சில் ஒரு பட்டையில் குத்தி வைத்திருப்பார்கள். "அவங்ககிட்ட யாரு கேட்டாலும் மாத்திக் குடுக்கணும். மாட்டேன்னு சொல்லப்பிடாது, அது இங்கத்த நியமமாக்கும்" என்றான்.

"பிள்ளையளுக்குள்ள விளையாட்டு" என்று நிக்கோலஸ் தன் நண்டைச் சட்டைப் பையில் போட்டார்.

மதியம் பன்னிரண்டரைக்குப் பெர்த்தா முன்னே நடந்தாள். மீன் கவுண்டரின் பொரித்த வாசனை வழியெல்லாம் வந்தது. நிக்கோலஸ் நல்ல பசியில் வேகமாக வந்தார். பத்தடி இருக்கும்போது நின்றார். கவுண்டரில் நீலத் தொப்பி வைத்துக்கொண்டு ரெஷ்மா ஒருவருக்குச் சோறு போட்டுக்கொண்டிருந்தாள். தலையைத் தூக்கினாள். கரண்டி அப்படியே நின்றது.

நிக்கோலஸ் திரும்பினார். நேரே சைவ ஹோட்டலுக்குள் போய் உட்கார்ந்தார். சாம்பாரும் சோறும் வாங்கி, கஷாயம் குடிக்கிறவர் மாதிரி ஒவ்வொரு வாயாக உள்ளே தள்ளினார். பெர்த்தா எதிரே உட்கார்ந்து பார்த்தாள். முப்பத்தைந்து வருஷத்தில் காணாத காட்சி அது.

"நீயாக்கும் இத செய்தது?" என்றார், கை கழுவிவிட்டு.

"எத?"

"எளவு சாம்பார்" என்று மட்டும் சொன்னார்.

அதோடு திட்டம் பாழ். ஜிஜி கண்ணைத் துடைத்தாள். ரெனில் ராட்டினத்தில் ஏறலாம் என்று அவளைக் கூட்டிக்கொண்டு போனான். பெர்த்தாவுக்கு அழுகை வரவில்லை, எரிச்சல்தான் வந்தது. ரெண்டு வாரம் யோசித்த யோசனையை ஒரு கரண்டி சாம்பார் தோற்கடித்துவிட்டதே, சண்டாளா!

அவளைத் தேற்ற யாருமில்லாததால் தென்னை மூட்டில் கிடந்த பெஞ்சில் உட்கார்ந்து வேடிக்கை பார்த்தாள். வேடிக்கை அவள் புருஷனிடமிருந்தே வந்தது. சும்மா இருக்கத் தெரியாத மனுஷன். பக்கத்தில் நெய்யாற்றின்கரையிலிருந்து வந்திருந்த வேலாயுதன் என்ற ரிட்டயர்டு தாலுகா ஆபீஸ் கிளார்க்கு, இரண்டு யானை வைத்துக்கொண்டு நண்டு தேடிக்கொண்டிருந்தார். நிக்கோலஸ் தன் நண்டைக் கொடுக்கவில்லை. நண்டுக்கு இன்று நல்ல கிராக்கி, ஒரு யானை போதாது என்று சொல்லிப் பார்த்தார். வேலாயுதன் யானையோடு ஒரு கிளியையும் கொடுத்தார். அவ்வளவுதான், கடற்கரை ஏலத்தில் நாற்பது வருஷம் வியாபாரிகளோடு மல்லுக்கட்டிய வாய் திறந்துகொண்டது. கிளியைக் கொடுத்து மயிலும், ஐஸ்கிரீம் விற்கிறவளிடம் ஆமையும், சறுக்குக் குளத்துக் காவல்காரனிடம் மறுபடியும் கிளியும் குரங்கும். நண்டுகூட இரண்டாகத் திரும்பி வந்தது. நாலரை மணிக்கு அவர் சட்டையில் ஆறு தினுசு மின்னிற்று. திமிங்கலம் மட்டும் இல்லை.

"திமிங்கலம் எங்கயும் இல்லட்டீ" என்றார் பெர்த்தாவிடம். சாம்பார்க் கோபம் எங்கோ போயிருந்தது.

வேலாயுதனும் ஆறு சேர்த்துவிட்டு வந்து பெஞ்சில் உட்கார்ந்தார். அவர் முகம் சிவந்திருந்தது.

"திமிங்கலம் ஒண்ணே ஒண்ணு உண்டு" என்றார். "அந்த மீன் கவுண்டர்ல நிக்கிற பொண்ணு குத்தியிருக்கா. கேட்டேன். தரமாட்டேங்கா. 'ஒருத்தருக்கு எடுத்து வச்சிருக்கேன்'னு சொல்லுதா. மாட்டேன்னு சொல்ல அவளுக்கு என்ன அதிகாரம்? ஆறு மணிக்கு மானேஜர் வருவாராம். நான் கம்ப்ளெய்ண்ட் குடுக்காம இங்கேருந்து போகமாட்டேன்."

நிக்கோலஸ் அவரை ஏற இறங்கப் பார்த்தார். "ஒரு தகரத்துக்கா ஒரு பிள்ளைக்க ஜோலியக் களையப் போறீரு?"

"நியமம்னா நியமம்தான்."

பெர்த்தா கவுண்டர் பக்கம் பார்த்தாள். யாருக்கு எடுத்து வைத்திருக்கிறாள் என்று அவளுக்குத் தெரியும். மூன்று மணியிலிருந்து நிக்கோலஸ் ஒவ்வொருவராக மறித்து வியாபாரம் பேசியதைக் கவுண்டரில் நின்றவள் பார்த்துக்கொண்டுதானே இருந்தாள். நிக்கோலஸுக்கும் தெரியும். அது தெரியாத அளவு முட்டாள் இல்லை அந்த மனுஷன்.

சட்டையிலிருந்த இரண்டாவது நண்டைக் கழற்றி அவளிடம் நீட்டினார். பிறகு, "நீ போய் மாத்தீட்டு வா" என்றார்.

"எனக்குத் தொப்பி வேண்டாம். வேணும்னா நீங்க போங்க."

"நான் சொன்ன வாக்கு உனக்கு ஓர்மையில்லியா?"

"நல்லா உண்டு. கையால பச்ச வெள்ளம் குடிக்கமாட்டேன்னு சொன்னிய. பேட்ஜு குடிக்கிற சாதனமா?"

அவர் அவளை முறைத்தார். முறைத்துக்கொண்டே யோசித்தார். கோயில் கடிகாரம் அக்கரையில் ஐந்தரை அடித்தது. எழுந்து வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நடந்தார். பெர்த்தா பத்தடி விட்டுப் பின்னாலேயே போய், ஒரு தூண் பக்கத்தில் நின்றாள். ஒளிந்துநின்றாள் என்று சொன்னாலும் தப்பில்லை.

ராத்திரி ஊணுக்குப் பரிமாற அப்போதுதான் தொடங்கியிருந்தார்கள். ஆளில்லை. ரெஷ்மா நேராக நின்றாள். கொஞ்சம் மெலிந்திருந்தாள்.

"மாத்தணும்" என்றார் நிக்கோலஸ், அவளுக்குப் பின்னாலிருந்த விலைப் பலகையைப் பார்த்து.

"ஏது வேணும் சார்?"

வருகிறவர்கள் எல்லோரையும் சார் என்று கூப்பிடவேண்டும் என்பதும் அங்கே நியமம். பெர்த்தாவுக்கு அது தெரியும். தெரிந்தும் காதைப் பொத்திக்கொள்ளத் தோன்றியது. பெற்ற மகள் அப்பனை சார் என்று கூப்பிட்டுக் கேட்க எந்தத் தாய்க்குப் பொறுக்கும்?

"அந்தச் சிரிக்குத திமிங்கலம்" என்றார். பிறகு அவரால் சும்மா இருக்கமுடியவில்லை. "திமிங்கலம் எங்கயாவது சிரிக்குமா? எவன் வரஞ்சான் இத?"

ரெஷ்மா பட்டையிலிருந்து திமிங்கலத்தைக் கழற்றி நீட்டினாள். அவர் இரண்டாவது நண்டைக் கொடுத்தார். அவள் அதைத் திமிங்கலம் இருந்த இடத்தில் குத்திக்கொண்டாள். கொடுக்கல் வாங்கல் முடிந்தது. இனி அவர் திரும்பவேண்டும்.

அவர் திரும்பவில்லை. சட்டைப் பையில் தேடி, ராத்திரி ஊணுக்கான கூப்பனை எடுத்துப் பலகைமேல் வைத்தார்.

"ஒரு ஊணு" என்றார். "மீனு."

பெர்த்தா தூணைப் பிடித்துக்கொண்டாள். மாதாவே, மாதாவே என்று வாய் தானாகச் சொல்லிற்று. மத்தியானம் செத்துப்போன திட்டம் இதோ எழுந்து நடக்கிறது. இனி ஒரு தட்டு, ஒரு கரண்டி சோறு, ஒரு துண்டு மீன். மூன்று வருஷம் அவ்வளவில் தீர்ந்துவிடும்.

ரெஷ்மா கூப்பனைப் பார்த்தாள். தொடவில்லை. பின்னால் அடுக்களைப் பக்கம் ஒருதரம் திரும்பிப் பார்த்தாள். பிறகு ஒற்றை விரலால் கூப்பனை அவர் பக்கமே தள்ளிவிட்டாள்.

"வேண்டாம்."

பெர்த்தா நெற்றியில் அடித்துக்கொண்டாள். பாவி மகளே!

"என்ன வேண்டாம்?" நிக்கோலஸின் குரல் ஏறியது. "நான் கேட்டா உனக்குத் தரப்பிடாதா?"

"இது ஐஸ் மீனாக்கும்" என்றாள் ரெஷ்மா, தாழ்ந்த குரலில். "லாரியில வந்து அஞ்சு நாளாச்சு. நெய்மீன்னு எழுதிப் போட்டிருக்கு, நெய்மீனும் இல்ல. அப்பா இதத் தின்னவேண்டாம்."

நிக்கோலஸ் கடலைத் திரும்பிப் பார்த்தார். அவர் பின்னால் நூறடியில் கடல் இரைந்துகொண்டிருந்தது.

"இத்தன பேருக்கு இத விளம்பித் தின்னக் குடுக்கியே?"

"அது ஜோலி."

அவர் கூப்பனை எடுத்து நான்காக மடித்தார். மடித்ததையே மறுபடி விரித்தார். பொழிக்கு அந்தப் பக்கம் வள்ளங்கள் ஏற்றி வைத்திருந்த இடத்தைப் பார்த்தபடி கேட்டார்:

"அவன் மீனு தின்னுவானா?"

எவன் என்று ரெஷ்மாவுக்குப் பிடிபடக் கொஞ்ச நேரமானது. மூன்று வருஷத்தில் மனுவைப் பற்றி அந்த வாயிலிருந்து வந்த முதல் கேள்வி அது.

"தின்னுவாரு" என்றாள். மூக்கை உறிஞ்சினாள். "முள்ளு எடுத்துக் குடுக்கணும்."

நிக்கோலஸ் தலையை ஆட்டினார். சரி என்றும் சொல்லவில்லை, போறேன் என்றும் சொல்லவில்லை. நடந்து வந்து, தூணுக்குப் பின்னால் நின்ற பெண்டாட்டியைக் காணாதது போலத் தாண்டிப்போய்ப் பெஞ்சில் உட்கார்ந்தார். வேலாயுதன் திமிங்கலத்தைக் கண்டு எழுந்து நின்றுவிட்டார்.

"இந்தாரும்" என்று நிக்கோலஸ் அதைக் கழற்றி அவர் கையில் வைத்தார். "கம்ப்ளெய்ண்டு குடுக்கப்பிடாது, கேட்டீரா. தொப்பிய வாங்கீட்டு வீட்டுக்குப் போரும்."

"இதுக்குப் பகரமா என்ன பேட்ஜு வேணும்?" என்றார் வேலாயுதன், நம்பாமல்.

"ஒண்ணும் வேண்டாம்."

வேலாயுதன் திமிங்கலத்தை இறுக்கிப் பிடித்துக்கொண்டு வேகமாகப் போனார். ஒரு சாளை மீனைக்கூடப் பேரம் பேசாமல் கைமாற்றாத மனுஷன் சும்மா கொடுத்ததைப் பார்த்தபடி பெர்த்தா வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். நல்ல பசியில் அவர் வயிறு இரைவது அவளுக்கே கேட்டது. சாயங்காலம் வாங்கி மடியில் வைத்திருந்த பழம்பொரி ஒன்றை எடுத்துக் கொடுத்தாள். பாதியைத் தின்றுவிட்டுக் கேட்டார்:

"முள்ளில்லாத மீனு ஏதுட்டீ உண்டு?"

கடலில் உள்ள மீனையெல்லாம் பேர் சொல்லிக் கூப்பிடுகிற ஆள் அவளிடம் கேட்கிறார்!

"கணவா உண்டு. முள்ளே கெடையாது."

"கணவா ஒரு மீனா?" என்று அலுத்துக்கொண்டார். "சரி. நாள வெளுக்கதுக்கு முன்ன நான் மோகனனத் தட்டி எழுப்பி வெளிய போயிருவேன். ரூமும் வேண்டாம், ஆப்பமும் வேண்டாம், நீங்க மூணு பேரும் இருந்து தின்னுங்க. வள்ளம் எறக்கணும். ஞாயிறு மத்தியானத்துக்கு வேணும்லா."

பெர்த்தா நோட்டுத்தாளை எடுத்தாள். ரெனிலிடம் பேனா வாங்க அவன் அங்கே இல்லை. எழுதாமலே தாளைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எத்தன பேருக்கு?" என்றார் நிக்கோலஸ், மிச்சப் பழம்பொரியை வாயில் போட்டுக்கொண்டு.

"ஆறு" என்றாள் பெர்த்தா.

அவர் விரலை மடக்கி ஒருதரம் எண்ணிப் பார்த்தார். திருத்தவில்லை.