கூரையில் அடைத்த துணி

கதிசாவும் தன் தறியைத் தள்ளுவண்டியில் ஏற்றிவிட்டாள். அசேத்தாவின் வாசலில் இனி அவளுடைய தறி மட்டும்தான்.

"கோவிச்சுக்காதீங்கக்கா. இந்தத் தகரத்துக்கு அடியில உக்காந்தா துணி முடியறதுக்குள்ள நாம வெந்துருவோம். பிபாத்தா வீடு மத்தியானத்துலயும் குளுகுளுன்னு இருக்கு."

"போடி. கல்லறை குளுமையாத்தான் இருக்கும்."

கூடுகு நகரின் அந்தத் தெருவில் முதலில் சிமெண்டுச் சுவர் எழுப்பித் தகரம் போட்டவள் அசேத்தா. கடலோரத்துக் கோகோ தோட்டங்களில் கணவன் உழைத்து அனுப்பியதில் வந்த வீடு. நெசவுப் பெண்கள் அவள் வாசலில்தான் கூடுவார்கள். யார் எந்த நிறம் நெய்வது என்பதும், தலைநகர் வாகதூகுவிலிருந்து வரும் வியாபாரிக்கு என்ன பதில் என்பதும் அவள் சொல்படி நடக்கும். எதிர்வீட்டு விதவை பிபாத்தா, தகரத்துக்கும் மரத்துக்கும் வழியின்றி, சுடாத மண்கல்லை வளைவாக அடுக்கிக் கூரை கட்டியபோது முதலில் சிரித்தவளும் அவளே. முழ அகலச் சுவர், நிழல் விழும் பக்கம் தாழ்வாக ஒரு ஜன்னல், வளைவின் உச்சியில் இரண்டு துளைகள். அறையின் சூடு அந்தத் துளைகள் வழியாக மேலேறிப் போய்விடுமாம்.

அன்று தொழுகையில் நெற்றி தரையைத் தொட்டபோதும் அசேத்தாவின் காதில் எதிர்வீட்டுச் சிரிப்புதான் விழுந்தது. 'இறைவா, என்னிடம் என்ன குறை?' என்று கேட்டாள். கேட்ட விதம் சரியில்லை என்று அவளுக்கே தெரிந்தது.

மறுநாள் காலை பிபாத்தா குழாயடிக்குப் போயிருந்த நேரம், அசேத்தா வெளிப்படி வழியாக மண்கூரைமேல் ஏறினாள். தான் நெய்த நீலக்கோட்டுத் துணி ஒன்றைக் கிழித்து இரண்டு துளைகளையும் அடைத்தாள். உள்ளே புழுங்கட்டும். தானாகத் திரும்பி வருவார்கள்.

உச்சி வெயில் வந்தது. தகரம் படபடவென்று விரிந்து முனகியது. ஒருத்தியும் வரவில்லை. பொறுக்க முடியாமல், நூல் கேட்கிற சாக்கில் தெருவைக் கடந்தாள்.

"வாங்கக்கா!" என்றாள் கதிசா. "நேத்தைவிட இன்னிக்குக் குளுமை. சுடுகாத்து, புழுதி எதுவும் உள்ள எட்டிப் பாக்கல."

அசேத்தா அண்ணாந்து பார்த்தாள். துளையிலிருந்து நீலக்கோட்டுத் துணியின் ஓரம் தொங்கியது. அந்தக் கோடு யாருடையது என்று ஊருக்கே தெரியும். பிபாத்தாவும் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பிபாத்தா எழுந்து ஒரு குவளையில் கம்பும் இஞ்சியும் கரைத்த பானத்தை ஊற்றி நீட்டினாள்.

"குடிங்கக்கா. பகல்ல காத்து நெருப்பா வருதே, துளைய மூடி வைக்கணும்னு எனக்குத் தோணவே இல்ல பாருங்க. ஒங்களுக்குத் தோணியிருக்கு."

"அக்காவா மூடினது?" கதிசா தொடையில் தட்டிச் சிரித்தாள். "கல்லறைன்னு திட்டினவங்களே வந்து மூடியும் போட்டுட்டாங்களா!"

எல்லோரும் சிரித்தார்கள். அசேத்தா பிபாத்தாவின் முகத்தில் ஏளனத்தைத் தேடினாள். அது அங்கே இல்லை. இருந்திருந்தால் சண்டையாவது போட்டிருக்கலாம்.

"பொழுது சாஞ்சதும் தெறந்துடணும்க்கா. இல்லன்னா சுவரு குடிச்ச சூடு உள்ளயே தங்கிடும், நாளைக்கு உக்கார முடியாது. எனக்கு முட்டி வலி, ஏற முடியாது. நீங்க பாத்துக்குவீங்களா?"

அசேத்தா குவளையைக் காலி செய்தாள்.

அந்தித் தொழுகை முடிந்தபின் அவள் மண்கூரைமேல் நின்றாள். எதிரே அவளுடைய தகரம் மங்கிக் கிடந்தது. இந்தத் துணியை இப்படியே விட்டுவிட்டு இறங்கினால் போதும். நாளை மதியம் தறிகள் தள்ளுவண்டியில் திரும்பி வரும். யாரும் அவளைக் குறை சொல்ல மாட்டார்கள், மறந்துவிட்டாள் என்பார்கள்.

"அக்கா, படி இருட்டா இருக்கா? விளக்கு காட்டவா?" கீழிருந்து பிபாத்தாவின் குரல்.

"வேணாம்டி. முட்டிவலியோட நீ எதுக்கு எழுந்திரிக்கிற."

குனிந்து முதல் துணியை இழுத்தாள். நூல் வாசனையும் இஞ்சி வாசனையும் கலந்த பகலின் சூடு, யாரோ நெடுநேரம் அடக்கி வைத்திருந்த மூச்சைப் போல, அவள் முகத்தில் மோதி மேலே போனது. கண்ணைத் துடைத்துக்கொண்டு, மறு துளையைத் தேடி இருட்டில் கையை நீட்டினாள்.