இருபத்தொன்றில் எரிந்த விளக்கு

எனக்கு வாய் கொஞ்சம் நீளம். எங்கள் கொம்பனியில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். "சஞ்சீவனி நல்லவதான், ஆனா காலையில அவகிட்ட வாயைக் குடுக்காதீங்க" என்பார்கள். தேயிலைத் தொழிற்சாலைகளுக்கு பெல்ட்டும் பேரிங்கும் விற்கிற கொம்பனி அது. கண்டியிலிருந்து கட்டுகஸ்தோட்டைக்குப் போகும் வீதியில் ஒரு மாடியில் இருக்கிறது. பதினாறு வருடமாக வருகிற அழைப்புகளையெல்லாம் முதலில் எடுப்பவள் நான். மெஷின் நின்றுவிட்டது, கொழுந்து வீணாகப் போகிறது என்று விடிந்ததும் விடியாததுமாகக் கத்துகிற ஆட்களோடு பேசிப் பேசி எனக்கும் கத்தல் பழகிவிட்டது.

மூன்று வருடத்துக்கு முன் பழைய டெலிபோன்களைக் கழற்றிவிட்டு இன்டர்நெட்டில் வேலை செய்யும் மேசை போன்களை வைத்தார்கள். வைத்துத் தந்தவர் ஜனார்த்தனன் என்ற டெக்னீஷியன். என் போனில் வலப்பக்கம் வரிசையாகப் பொத்தான்கள் இருந்தன. ஒவ்வொன்றின் பக்கத்திலும் கொம்பனி ஆள் ஒருவருடைய பெயரும் ஒரு சின்ன விளக்கும். அந்த ஆளின் போன் இணைப்பில் இருந்தால் விளக்கு பச்சை. பேசிக்கொண்டிருந்தால் சிவப்பு. வயரைப் பிடுங்கினால் அணைந்துவிடும்.

"இதுக்கு ஊர் கிடையாது அக்கா," என்றார் ஜனார்த்தனன். "நம்பர் போனுக்குள்ள இருக்கு. எங்க கொண்டுபோய் ரவுட்டர்ல குத்தினாலும் அதே நம்பர்தான்."

அதனால்தான் தர்ஷிகா தன் போனை வீட்டுக்குக் கொண்டுபோக முடிந்தது. அவளுக்கு இருபத்து நான்கு வயது. ஓடர் எடுக்கிற வேலை, உள் நம்பர் இருபத்தொன்று. புசல்லாவைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில், வரிசையாக ஒட்டிக் கட்டிய அறைகளில் ஒன்றில், வீடு. வர இரண்டு மணித்தியாலம், போக இரண்டு மணித்தியாலம் என்று பஸ்ஸில் தொங்கிக்கொண்டிருந்தவளைப் பார்த்து, வாரத்தில் நாலு நாள் வீட்டிலிருந்தே வேலை செய்யட்டும் என்று முதலாளி சொன்னார். சாமான் வாங்கியதற்குக் கையெழுத்து வைத்துவிட்டு போனைப் பெட்டியோடு தூக்கிக்கொண்டு போனாள்.

வீட்டில் அதைப் பொருத்துவதற்குக் கைபேசியில் வழி சொன்னதும் நான்தான். நெட் வயரின் ஒரு முனையை போனில் குத்து, மறு முனையை ரவுட்டரில் குத்து, கரண்ட் வயரைப் போடு, திரை வெளிச்சமானதும் நம்பரையும் பாஸ்வேர்டையும் அடி. அடித்தாள். என் மேசையில் அவள் பெயருக்குப் பக்கத்தில் பச்சை எரிந்தது. உடனே அவளுடைய அழைப்பு வந்தது.

"அக்கா, மஞ்சள் வச்சுப் பொட்டு போட்டுட்டுத்தான் ஓன் பண்ணினேன்."

"போனுக்கா?"

"புது சாமான்தானே."

"தேங்காய் உடைக்கலையா?"

சிரித்தாள். பிறகு கேட்டாள், "அப்போ இது எங்க இருக்கோ, அங்க நான் ஒஃபீஸ்ல இருக்கிற மாதிரியா அக்கா?"

"அப்படித்தான். அதனால தூங்கிடாத," என்றேன்.

போன நவம்பரில் மழை விடாமல் பெய்தது. மூன்றாம் நாள் காலை பத்து மணிக்கு என் தலை வெடித்துக்கொண்டிருந்தது. கொம்பனிக்கு வர முடியாமல் பாதிப் பேர் வீட்டில். எல்லா லைனும் என் காதில். அந்த நேரத்தில் தர்ஷிகாவின் அழைப்பு வந்தது.

"அக்கா, மேல மண்ணு வெடிச்சிருக்காம். எல்லாரையும் ஸ்கூலுக்குப் போகச் சொல்றாங்க. நான் வைக்கிறேன்."

நான் என்ன சொல்லியிருக்க வேண்டும்? ஓடு புள்ள என்று சொல்லியிருக்க வேண்டும். நான் சொன்னது இது: "போ. ஆனா போனை அங்க விட்டுட்டுப் போகாத. கொம்பனி சாமான். ஒண்ணும் குறையக்கூடாது, சொல்லிட்டேன்."

"சரி அக்கா," என்றாள். ஒரு நிமிடம்கூட ஆகவில்லை, பச்சை அணைந்தது.

அன்று பின்னேரம் செய்தி வந்தது. பத்து மணிக்குப் பிறகு மலை இறங்கி அந்த லயத்தின் ஒரு பாதியை மூடிவிட்டது. அவளுடைய அப்பா வீரையா தப்பிவிட்டார். தர்ஷிகாவின் உடல் இன்றுவரைக்கும் கிடைக்கவில்லை.

முதலாளியும் மற்றவர்களும் துக்கம் கேட்கப் போனார்கள். எனக்குக் காய்ச்சல் என்று சொன்னேன். அது பொய். நான் என்ன சொன்னேன் என்பது எனக்கும் அவளுக்கும் மட்டும்தான் தெரியும் என்று நினைத்திருந்தேன். மலை சரிந்ததற்கு யார் என்ன செய்வது, விதி என்று எல்லோரும் பேசினார்கள். நானும் தலையாட்டினேன். ஆனால் ஒரே ஒரு கேள்வி என்னை விடவில்லை. அந்த விளக்கு ஏன் அணைந்தது? கரண்ட் போய் அணைந்திருந்தால் நான் தப்பினேன். அவள் வயரைப் பிடுங்கி அணைந்திருந்தால், என் சொல்லுக்காக நின்றிருக்கிறாள்.

ஜனார்த்தனனிடம் அவள் பெயரை எடுத்துவிடச் சொன்னால் இரண்டு நிமிட வேலை. நான் சொல்லவில்லை. மூன்று மாதம் அந்த அணைந்த விளக்கைப் பார்த்துக்கொண்டே மற்ற விளக்குகளுக்கு வேலை செய்தேன். பொத்தானை அழுத்தும்போது விரல் அதில் படாமல் பார்த்துக்கொண்டேன். இதைப் பைத்தியம் என்றால் பைத்தியம்தான்.

மார்ச் மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை, பின்னேரம் நாலரை மணி. ஒரு பில்லைத் தேடிக் குனிந்து நிமிர்ந்தேன். இருபத்தொன்றில் பச்சை.

முதலில் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தேன். பச்சை போகவில்லை. பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது மினுங்கத் தொடங்கியது. என் போன் அடித்தது. திரையில் அவள் பெயர்.

பதினாறு வருடப் பழக்கத்தில் கை தானாக எடுத்தது, வாய் தானாக வணக்கம் சொல்லிக் கொம்பனிப் பெயரைச் சொன்னது. மறுபக்கத்தில் பேச்சு இல்லை. மூச்சு இருந்தது. அதற்குப் பின்னால் கனமான எதையோ இழுத்து இழுத்து அரைக்கிற சத்தம். மண் நகர்ந்தால் அப்படித்தான் கேட்குமோ என்று நினைத்தேன். பிறகு வைத்துவிட்டார்கள். ஐந்து நிமிடத்தில் விளக்கும் அணைந்தது.

அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பார்கள். எனக்குப் பச்சை வெளிச்சத்திலேயே பேய் தெரிந்தது. அன்று பஸ்ஸில் பக்கத்து ஆளின் கைபேசி அடித்ததற்கு எழுந்து நின்றுவிட்டேன்.

மறுநாள் ஜனார்த்தனனை போனில் அழைத்து, யாரோ விளையாடுகிறார்கள் என்று கத்தினேன். அவர் தன் கணினியில் பார்த்துவிட்டுச் சொன்னார், "விளையாட்டு இல்ல அக்கா. அதே போன்தான். நேத்து நாலரைக்கு யாரோ கரண்ட் குடுத்து ரவுட்டர்ல குத்தியிருக்காங்க."

"அது மண்ணுக்குள்ள இருக்கு."

"மண்ணுக்குள்ள ரவுட்டர் ஏது அக்கா?" என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, "வெள்ளிக்கிழமை வந்து பாஸ்வேர்டை மாத்திடுறேன். முதலாளி அந்த நம்பரை மதுஷாவுக்குக் குடுக்கச் சொல்லிட்டார்," என்றார். மதுஷா புதிதாக வேலைக்கு வந்த பிள்ளை.

பாஸ்வேர்டை மாற்றினால் விளக்கு இனி எரியாது. பயமும் போய்விடும், என் கேள்விக்குப் பதிலும் போய்விடும். புதன்கிழமையும் நாலரைக்குப் பச்சை வந்தது. மூச்சு, அரைக்கிற சத்தம், வைத்துவிட்டார்கள். திருப்பி அழைக்க எனக்குத் தைரியம் வரவில்லை. குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்று சும்மாவா சொன்னார்கள்? எனக்குக் குறுகுறுக்கவில்லை, நெஞ்சே நின்றுவிடும்போல இருந்தது.

வியாழக்கிழமை அழைப்பு வந்தபோது நான் வணக்கம் சொல்லவில்லை.

"தர்ஷிகா," என்றேன்.

மறுபக்கத்தில் ஒரு சத்தம் வந்தது. அழுகையா, இருமலா தெரியவில்லை. வைத்துவிட்டார்கள். ஆனால் பச்சை இன்னும் அணையவில்லை. அது அணைவதற்குள் அவள் பெயர்ப் பொத்தானை அழுத்தி அழைத்தேன். மூன்று முறை அடித்தது.

"ஹலோ, ஸமீம் கொமியூனிகேஷன்," என்றது ஓர் ஆண் குரல். பின்னால் அதே அரைக்கிற சத்தம். "கொஞ்சம் இரிங்க, ஃபோட்டோகொப்பி ஒண்டு ஓடுது."

சத்தம் நின்றது.

"இந்த போன் யாருடையது?" என்று கேட்டேன். என் குரல் எனக்கே பிடிக்கவில்லை.

"இது நம்மட வீரையா அண்ணன்ட மகள்ட. கொம்பனிப் போனாம். வேலை செய்யுதான்னு பார்க்க வேணுமின்னு தெனம் வேலை முடிஞ்சு கொண்டு வாறாரு. நான்தான் நம்ம ரவுட்டர்ல குத்திக் குடுக்கிறேன். இப்பத்தான் வெளியில எறங்கினாரு. கூப்பிடவா?"

"வேணாம்," என்றேன். "சனிக்கிழமை நான் வர்றேன். அவரை இருக்கச் சொல்லுங்க."

வெள்ளிக்கிழமை வந்த ஜனார்த்தனனிடம் திங்கட்கிழமைவரை அதில் கைவைக்காதீர்கள் என்று சொல்லி அனுப்பிவிட்டேன்.

சனிக்கிழமை காலை நுவரெலியா பஸ்ஸில் ஏறினேன். கம்பளை தாண்டிய பிறகு வலப்பக்கம் மலையில் சிவப்பாகப் பிளந்த இடங்கள் தெரிந்தன. நான் இடப்பக்கம் பார்த்துக்கொண்டு வந்தேன்.

ஸமீமின் கடை புசல்லாவையில் பெரிய வீதியிலேயே இருந்தது. உள்ளே ஒரு மேசையில் வெள்ளைத் துவாய் விரித்து, அதன் மேல் போனை வைத்திருந்தார்கள். பொத்தானுக்குப் பொத்தான் துடைத்துச் சுத்தமாக இருந்தது. பக்கத்தில் மெலிந்த, உயரமான ஒருவர் நின்றார். இஸ்திரி போட்ட சேர்ட் போட்டிருந்தார். என்னைக் கண்டதும் கதிரையைத் துடைத்து நகர்த்தி வைத்தார்.

"உட்காருங்க மிஸ். இவ்வளவு தூரம் நீங்க வரணுமா? நானே கொண்டாந்து குடுத்திருப்பேன். ஓடுதான்னு பார்க்காம எப்படிக் குடுக்கிறதுன்னுதான் வச்சிருந்தேன்." பிறகு கையைக் கட்டிக்கொண்டார். "ஒரு கொறை இருக்கு மிஸ். கரண்ட் வயர் இதோட வந்தது இல்ல. கம்பளையில வாங்கினேன். அதே மாதிரி கெடைக்கல. மன்னிச்சுக்குங்க."

"பழைய வயர் எங்க ஐயா?"

இதைக் கேட்கத்தான் வந்தேன். கேட்ட பிறகு, அவர் பதில் சொல்லாமல் இருந்தால் நல்லது என்று நினைத்தேன்.

அவர் போனைப் பார்த்தபடி சொன்னார். "போனைக் கழட்டி நெட் வயரோட என் கையில குடுத்தா. நான் வாசப்படியில நிக்கிறேன். வா புள்ள போவோம்னேன். கரண்ட் வயர் செவுத்துல இருக்குப்பா, ஒண்ணும் கொறையக்கூடாதுன்னு சொல்லியிருக்காங்க, நீங்க நடங்க, இந்தா வந்துட்டேன்னு உள்ள போனா. நான் போனை மழையில நனையாம சேர்ட்டுக்குள்ள வச்சிக்கிட்டு எறங்கினேன். பத்தடி போயிருக்க மாட்டேன்."

ஸமீம் கடையின் முன்பக்கம் போய் வீதியைப் பார்த்து நின்றுகொண்டார்.

"அப்படிச் சொன்னது நான்தான் ஐயா," என்றேன்.

"தெரியும் மிஸ்."

"அவ சொன்னாளா?"

"நீங்க பேசுறப்போ நான் அங்கதான நின்னேன். மூட்டை கட்டிக்கிட்டே பேசினா, ஸ்பீக்கர்ல போட்டிருந்தா." அவர் குரலில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் எனக்குத் தாங்குவதற்குச் சுலபமாக இருந்திருக்கும். "இந்த மூணு நாளும் போனைக் கொண்டாரேன்னு சொல்லத்தான் எடுத்தேன். உங்க கொரலைக் கேட்டதும் பேச வரல."

"என்னைத் திட்டுங்க ஐயா."

"திட்டி?" என்றார்.

பதினாறு வருடத்தில் ஒருவர் கேட்டதற்கு நான் வாய் திறக்காமல் இருந்தது அன்றைக்குத்தான். மேசையில் இருபத்தொன்று என்ற எண்ணோடு திரை வெளிச்சமாக இருந்தது. கண்டியில் ஆளில்லாத என் மேசையில் இப்போது பச்சை எரிந்துகொண்டிருக்கும்.

வீரையா சட்டைப்பையிலிருந்து நாலாக மடித்த ஒரு வெள்ளைத் தாளை எடுத்து விரித்தார். ஸமீமிடம் பேனா வாங்கி என் முன்னால் வைத்தார்.

"வாங்கிக்கிட்டேன்னு ஒரு எழுத்து குடுங்க மிஸ். தோட்டத்துப் புள்ள, கொம்பனி சாமானைக் குடுக்காமப் போயிட்டான்னு நாளைக்கு யாரும் சொல்லக்கூடாது."

தேதியைப் போட்டேன். வீரையா அவர்களிடமிருந்து என்று எழுதத் தொடங்கினேன்.

"என் பேர் வேணாம்," என்றார். "அவ குடுத்ததா எழுதுங்க."

அதை வெட்டிவிட்டு எழுதினேன். தர்ஷிகாவிடமிருந்து மேசை போன் ஒன்று, நெட் வயர் ஒன்று, கரண்ட் வயர் ஒன்று பெற்றுக்கொண்டேன். தாளை அவரிடம் நீட்டினேன். அவர் அதை ஸமீமிடம் கொடுத்து இரண்டு முறை வாசிக்கச் சொல்லிக் கேட்டார். பிறகு திரும்பவும் என் முன்னால் வைத்தார்.

"ஒண்ணும் கொறையலன்னு கடைசியா ஒரு வரி போட்டுருங்க மிஸ். நீங்க கேட்டது அதுதானே."

எதுவும் குறையவில்லை என்று எழுதி, கீழே என் கையெழுத்தைப் போட்டேன்.