அசல்ல இல்லாத கைப்பிடி

பழைய பந்தயக் கார் ஒன்றின் நகலை அவள் கணவர், வீட்டு ஷெட்டிலேயே கட்டிக்கொண்டிருந்தார். சீட்டுகளுக்குத் தோல் தைத்துக் கொடுத்தது அவள்தான். ஊசி குத்தாத விரல் பாக்கியில்லை. பதிலுக்கு அவள் கேட்டது கதவோரம் ஒரே ஒரு கைப்பிடி. முழங்கால் ஆபரேஷனுக்குப் பிறகு, தரையோடு தரையாக இருக்கும் அந்தச் சீட்டிலிருந்து பிடிமானம் இல்லாமல் அவளால் எழ முடியவில்லை.

"அசல்ல அது கிடையாதும்மா" என்று ஒரே போடாகப் போட்டுவிட்டார்.

அசலில் இல்லாத எதுவும் கூடாதாம். ஆனால் தொப்பை இடிக்கிறதென்று ஸ்டீயரிங்கை முன்னால் தள்ளி வைத்தார். போனுக்கு சார்ஜ் போட ஓட்டை போட்டார். டாஷ்போர்டில் தன் பெயரைப் பித்தளையில் பதித்தார். அப்போதெல்லாம் அந்த அசல் எங்கே போய்த் தொலைந்திருந்ததோ!

வண்டி தயாரான அன்று தெருவே கூடி வேடிக்கை பார்த்தது. ஸ்டீயரிங்கைப் பிடித்தபடி அவர் பக்கத்துச் சீட்டைத் தட்டினார்.

"வா, ஒரு ரவுண்டு போயிட்டு வரலாம். எல்லாரும் பாக்குறாங்கல்ல?"

திறந்திருந்த கதவை அவள் வெளியில் நின்றபடியே அறைந்து சாத்தினாள்.

"அசல்ல பொண்டாட்டியும் கிடையாதுங்க."