இரண்டாம் மாடி காலியாக ஒரு மரணம்

1

இந்தக் கதை எனக்குத் தானாகத் தோன்றவில்லை. ஆர்டர் கொடுத்து வாங்கப்பட்டது. வாரப் பத்திரிகைகளில் கொலை எழுதிப் பிழைக்கிறவன் நான். "இந்த வாரம் ஒரு சாவு வேணும் சார்" என்று ஆசிரியர்கள் கேட்பது சகஜம். ஒரு வாசகி கேட்டது இதுதான் முதல் தடவை.

"எங்கண்ணனைச் சாகடிச்சுக் குடுங்க சார்."

நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தார். அரசு ஆஸ்பத்திரியில் டோக்கன் கொடுக்கும் ஜன்னலில் ஆயுசைக் கழித்து ஓய்வு பெற்றவர். கூட வந்த மகள், கைப்பையை மடியில் இறுக்கிக்கொண்டு, வீடு மாறி வந்துவிட்டவள் மாதிரி சுவரைப் பார்த்தாள்.

"இப்ப எங்க இருக்கார்?" என்றேன். தொழில் புத்தி.

"செத்து நாப்பது வருஷத்துக்கு மேல ஆச்சு" என்றாள் மகள். "சண்டையில. பெட்டியில வந்தார். அம்மா மட்டும்தான் இன்னும் நம்பல."

"பெட்டிதான் வந்துச்சு. ஆணி அடிச்ச பெட்டி. திறக்கக் கூடாதுன்னு மேலிடத்து உத்தரவு. அப்பா கெஞ்சிப் பார்த்தார், நடக்கல. உங்க கதையிலயே எத்தனை தடவை படிச்சிருக்கேன் சார்? பொணத்தைக் கண்ணுல காட்டாத வரைக்கும் ஆளு சாகல."

(உண்மை. ஏழாம் வாரம் காரோடு பள்ளத்தில் விழுந்தவன், பத்தொன்பதாம் வாரம் நெற்றியில் பிளாஸ்திரியோடு காலிங்பெல் அடிப்பான். இந்த விதியை நான் கண்டுபிடிக்கவில்லை. அதை வைத்து வயிறு வளர்த்தேன், அவ்வளவுதான்.)

2

விஷயம் இது. அவர் குடியிருக்கும் கட்டடத்தை இடிக்கப்போகிறார்கள். தூணில் விழுந்த விரிசலுக்குள் விரல் நுழைகிறது. மற்றவர்கள் எல்லோரும் போயாயிற்று. இரண்டாம் மாடியில் இவர் மட்டும். மகள் தன் வீட்டில் ஓர் அறையை ஒழித்து வைத்திருக்கிறாள். ஞாயிற்றுக்கிழமை லாரி வருகிறது. அம்மா வருவாரா என்பதுதான் தெரியவில்லை.

"வந்தா இந்த வீட்டுக்குத்தானே வருவான்? வேற அட்ரஸ் அவனுக்கு எப்படித் தெரியும்?"

"யாரும்மா வரப்போறா? கூரை தலையில விழப்போகுது."

"அதுக்குத்தானடி சார்கிட்ட வந்திருக்கேன். நீங்க அந்தப் பெட்டியைத் திறந்து எழுதுங்க சார். உங்க எழுத்துல செத்தா நான் நம்பிடுவேன். கிளம்பிடுவேன்."

மகள் முதல் முறையாக என்னை நேராகப் பார்த்தாள்.

"நல்லா சாகடிங்க சார்" என்றாள். "ப்ளீஸ்."

3

முதல் வரைவு:

'பனி கத்தியாய் இறங்கிய அந்த விடியலில், பீரங்கிகள் முழங்க, மார்பை நிமிர்த்தியபடி அவன்

"இது யாரு?" என்றார் டோக்கன் அம்மா.

"உங்கண்ணன்."

"சண்டைன்னா கட்டிலுக்கடியில போற ஆளு சார் அவன். அப்பா பெல்ட்டைத் தொட்டாலே போதும். பட்டாளத்துல சேர்ந்ததே, ஓசியில லாரி ஓட்டக் கத்துக்கலாம்னுதான்."

இரண்டாம் வரைவு:

'கொட்டும் மழையில், உயிர் பிரியும் நேரத்திலும் அவன் உதடுகள் தங்கையின் பெயரை

"மழையை எடுத்துடுங்க. அப்புறம், என் பேரை அவன் ஒருநாளும் சொன்னதில்ல. 'ஏ மூக்கு'ன்னுதான் கூப்பிடுவான். சாகும்போது மட்டும் எங்கேர்ந்து வரும் மரியாதை?"

* மழையை எடுத்துவிட்டால் என் கதைகளில் பாதி நின்றுவிடும். சோகம் எழுதத் தெரியாதவனுக்கு வானிலைதான் துணை. எடுத்தேன்.

4

மூன்றாம் வரைவை முழுதாகவே தருகிறேன்:

'லாரியின் பின்சக்கரம் பஞ்சர். அவன் நட்டுகளைக் கழற்றி, தொலைந்துவிடாமல் இருக்கத் தன் தொப்பிக்குள் போட்டுக்கொண்டிருந்தான். வானம் வெறுமனே இருந்தது. கடைசி நட்டு துருப்பிடித்திருந்தது. அதைத் திட்டினான். குண்டு விழுந்த சத்தம் அவனுக்குக் கேட்டிருக்காது.

பெட்டியைத் திறந்தார்கள். முகத்துக்கு ஒன்றும் ஆகவில்லை. மீசை என்று சொல்லத் தயங்க வேண்டிய ஒரு கோடு. இருபது வயசு. பஞ்சர் ஒட்டப் போனவன் முகத்தில் இருக்கும் எரிச்சல் மட்டும் கொஞ்சம் மிச்சம்.'

இரண்டு முறை படித்தார். உதடு அசைந்தது.

"இவன்தான்" என்றார். "இது எங்கண்ணன்தான். பாவி, தொப்பியிலதான் போடுவான் எதையும்."

மகள் முகத்தைத் திருப்பிக்கொண்டு கண்ணைத் துடைத்தாள். நான் பேனாவை மூடினேன். கதை முடிந்தது.

முடியவில்லை.

"ஆனா சார், நான் காத்துக்கிட்டிருக்கிறது இவனுக்காக இல்லியே."

"என்னம்மா சொல்றீங்க?"

"டோக்கன் ஜன்னல்ல அவன் வயசுக்காரங்க வருவாங்க சார். நாப்பதுல சர்க்கரைன்னு வந்தாங்க. ஐம்பதுல முட்டி வலின்னு வந்தாங்க. அவனுக்கும் வந்திருக்கும்ல? எங்கப்பாவுக்கு மாதிரி முன்வழுக்கை விழுந்திருக்கும். ரெண்டாவது மாடி ஏறுனா மூச்சு வாங்கும். அதுக்குத்தான் படி திருப்பத்துல ஒரு ஸ்டூல் போட்டு வெச்சிருக்கேன்."

"அந்த ஸ்டூல் அதுக்கா?" என்றாள் மகள். "சின்ன வயசுலேர்ந்து அதுல இடிச்சுக்கிட்டிருக்கேன். எடுங்கம்மான்னா அடிக்க வருவீங்க."

அம்மா அவளைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தார்.

"இந்தப் பையன் செத்துட்டான் சார். ஒத்துக்கறேன். அந்த அறுபது வயசு ஆளு என்ன ஆனான்?"

5

நூற்றுக்கணக்கானவர்களைக் கொன்ற கை இது. விஷம், கயிறு, மொட்டைமாடி, லிஃப்ட். ஒரு வழுக்கைத் தலையரை முடிக்க எனக்கு ஒரு பத்தி போதும் என்று நினைத்தேன்.

'அவர் படியேறி வந்தார். ஸ்டூலில் உட்கார்ந்தார். நெஞ்சைப்

அடித்துவிட்டேன். வீட்டு வாசலில் வந்து செத்தால், தங்கை கதவைத் திறக்கப் பத்துப் படி தாமதித்துவிட்டாள் என்றாகும்.

'எங்கோ ஓர் ஊரில், வேறொரு பெயரில் வாழ்ந்த அவர், சென்ற மாதம்

அதையும் அடித்தேன். அப்படியானால் இத்தனை வருஷமும் உயிரோடு இருந்தும் தங்கையைப் பார்க்க வரவில்லை என்றாகும். போரில் செத்தவனை நான் இரண்டாம் முறை, இன்னும் மோசமாகக் கொன்றவனாவேன்.

(இங்கே ஒரு திருப்பம் வைக்க இடம் இருக்கிறது. வைக்கவில்லை. என்னிடம் இல்லை.)

கையை விரிக்க நேரில் போனேன். வீடெல்லாம் மூட்டை. பாத்திரங்கள் கட்டியாயிற்று. வாசல் பக்கத்தை மட்டும் அவர் தொடவிடவில்லை.

"முடியலம்மா" என்றேன்.

அவர் கோபப்படவில்லை.

"லீவுல வந்தப்ப ஒண்ணு சொன்னான் சார். காவல் நிக்கிறவன், அடுத்த ஆளு வந்து தோளைத் தட்டாம இடத்தை விட்டு நகரக் கூடாதாம். ஒண்ணுக்கு வந்தாலும் அடக்கிக்கிட்டு நிக்கணுமாம்." சிரித்தார். "எனக்கு அடுத்த ஆளு வரவே இல்ல."

"நான் நிக்கிறேன்."

"நீங்க ஆகாது சார். அடுத்த வாரம் உங்களுக்கு வேற பொணம் வந்துடும்."

"நான் இருக்கேன்ல?" என்றாள் மகள், பாத்திர மூட்டையில் முடிச்சுப் போட்டுக்கொண்டே.

"நீ நம்பலியேடி. நம்பாத ஆளு காவல் நின்னா தூங்கிடும்."

முடிச்சு நழுவியது. அவள் மறுபடி போட்டாள்.

6

* ஆசிரியர் போன் செய்தார். "சார், கடைசிப் பக்கம் வரல." வந்ததே அவ்வளவுதான் என்றேன். "அந்தம்மா கிளம்பினாங்களா இல்லையா? வாசகர்கள் அடிக்க வருவாங்க சார்." வரட்டும் என்றேன். ஒருவராவது வர வேண்டும்.

நிலவரத்தைச் சொல்லிவிடுகிறேன். இந்த இதழ் வெள்ளிக்கிழமை கடைக்கு வரும். லாரி ஞாயிற்றுக்கிழமை. நடுவில் இருப்பது ஒரு சனி.

அவன் செத்துவிட்டான் என்று நினைக்கிறவர்கள் மூன்றாம் வரைவோடு நிறுத்திக்கொள்ளலாம். அதில் ஒழுங்காகவே செத்திருக்கிறான். காவல் மாற்ற எனக்குத் தேவை, அப்படி நினைக்க மனசு வராத ஒரே ஒருவர். வேலை பெரிதில்லை. பஸ்ஸிலோ வங்கி வரிசையிலோ அறுபது வயசு மனிதர் யாராவது மூச்சு வாங்கிக்கொண்டு வந்தால், அவர் முகத்தை இன்னும் கொஞ்ச நேரம் பார்க்க வேண்டும். நீங்கள் சாகும் வரை இதைச் செய்ய வேண்டும். அதற்கு முன் அடுத்த ஆளைத் தேடி வைக்க வேண்டும்.

டோக்கன் அம்மா வெள்ளிக்கிழமை காலையிலேயே பத்திரிகை வாங்கிவிடுவார். ஒரு வரி விடாமல் படிப்பவர். முடித்ததும் கண்ணாடியைக் கழற்றிவிட்டு வாசலைப் பார்ப்பார். அங்கே நீங்கள்