பின்சீற்றில் ஓர் அடைக்கோழி

டோரினின் பென்டம் கோழிகள் மூன்றும் புறாவைவிடக் கொஞ்சம்தான் பெரியவை. அவள் முட்டைக்காகவோ கறிக்காகவோ அவற்றை வளர்க்கவில்லை. டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் பகல் முழுக்க ஊரார் பேச இணைப்புக் கொடுத்துக் களைத்து, கொழும்பு கொட்டாஞ்சேனை வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றியதும், குரோட்டன் செடிகளுக்கிடையே அவை கால் நிறைய இறகோடு மிடுக்காக நடப்பதைப் பார்க்க வேண்டும். அதற்காகத்தான். சேவல் கேப்டன். பேடுகள் ரோசி, பொப்பி.

ஒரு செவ்வாய்க்கிழமை பொப்பியைக் காணவில்லை.

டோரின் செடிகளுக்குள் புகுந்து பார்த்தாள். கூரையில் ஏறிப் பார்க்க ஆள் பிடித்தாள். கொச்சிக்கடைக் கோயிலுக்குப் போய் அந்தோனியாருக்கு மெழுகுதிரி கொளுத்தினாள். காணாமற்போன சாவிக்கும் மோதிரத்துக்கும் உடனே வழிகாட்டுகிற அந்தோனியார், கோழி விஷயத்தில் வாய் திறக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வரும்போது பக்கத்து வீட்டிலிருந்து கோழிக்கறி வாசம் வந்தது.

பக்கத்து வீட்டு மர்ஸூக் நானா புறக்கோட்டையில் துணிக்கடை வைத்திருப்பவர். கடைப்படியில் சறுக்கிக் கணுக்கால் பிசகி, மூன்று வாரமாகக் கட்டுப்போட்ட காலோடு வீட்டில் இருந்தார். கேப்டன் கூவும்போதெல்லாம் ஜன்னலைத் திறந்து, "இந்தச் சேவல ஒரு நாளைக்குச் சட்டியில போடத்தான் போறேன்!" என்று சத்தம் போடுவார். சேவலுக்குப் பதில் பேடு அகப்பட்டிருக்குமோ?

டோரினால் பொறுக்க முடியவில்லை. ஒரு தட்டில் நாலு துண்டு கேக்கை வைத்து மூடிக்கொண்டு போனாள்.

"நானா, கால் எப்பிடி?"

"நல்லம் மிஸ். நாளைக்குக் கார எடுத்துக்கிட்டுக் கடைக்குப் போறேன்."

"நல்ல வாசமா இருக்கு. கோழியே?"

"ஓ, கோழிதான்."

"எங்க வாங்கினனீங்கள்?"

மர்ஸூக்கின் கை கேக்கோடு பாதிவழியில் நின்றது. "மிஸ், நான் ஒங்கட கோழியத் தின்னுட்டேன் எண்டா சொல்றீங்க?"

"நான் அப்பிடிச் சொல்லேல்லை. பொப்பியைக் காணேல்லை எண்டுதான்..."

"ஜவாஹிறா! அந்தச் சட்டியக் கொண்டுவா! மிஸ் எலும்ப அளந்து பாக்கட்டும்!"

அவர் மனைவி ஜவாஹிறா உண்மையிலேயே சட்டியோடு வந்தாள். அதில் கிடந்த ஒரு கால் மட்டுமே பொப்பி முழுசையும்விடப் பெரிது. டோரினுக்கு முகம் சிவந்தது. ஜவாஹிறா சிரிப்பை அடக்கமாட்டாமல் சட்டியை ஆட்ட, அது மேசையில் முட்டி டங் என்றது. அந்தச் சத்தத்துக்கு எங்கிருந்தோ ஒரு கோபக் குரல் "கொர்ர்ர்" என்றது.

மூன்று பேரும் கராஜுக்குப் போனார்கள். மர்ஸூக்கின் பழைய கறுப்புக் காரின் பின்கதவுக் கண்ணாடி எப்போதோ பாதி திறந்தபடி இறுகிப்போனது. அதற்குள்ளால் எட்டிப் பார்த்தால், பின்சீற்றில், தொழுகைக்குப் போகும்போது அவர் போர்த்துகிற சால்வையின் நடுவில், பொப்பி பந்துபோல உப்பிக்கொண்டு இருந்தாள். இரண்டு வாரமாக அவள் முட்டையிடுவதை நிறுத்திவிட்டாள் என்று டோரின் நினைத்தது தப்பு; எல்லாவற்றையும் இங்கே இட்டு அடைகாத்துக்கொண்டிருந்தாள். மர்ஸூக் கையை நீட்டினார். பொப்பி விரலில் ஒரு கொத்துக் கொத்தினாள்.

"யா அல்லாஹ்! இத்தினிக்கூண்டுக்கு இவ்வளவு ரோசமா?"

"ஸொறி நானா, ஸொறி. நான் பெட்டி கொண்டுவந்து முட்டையோட தூக்கிக்கொண்டு போறன்."

"தொடவேணாம்!" மர்ஸூக் கதவுக்குக் குறுக்கே நின்றார். "எடத்த மாத்தினா எழும்பிப் போயிரும். என்ட உம்மா கோழி வளத்தவ, எனக்குத் தெரியும். இருக்கட்டும்."

"அப்ப கடைக்கு?"

"பஸ் ஓடலியா?"

மறுநாளிலிருந்து மர்ஸூக் நொண்டி நொண்டி பஸ்ஸில் போனார். மாலையில் வந்ததும் நேரே கராஜுக்குத்தான். ஒரு தேங்காய்ச் சிரட்டையில் தண்ணீர், இன்னொன்றில் அரிசிக் குருணல். கடைக்கணக்கப்பிள்ளை காரைக் கேட்டபோது, "எஞ்சின்ல வேல" என்றாராம். டோரினைக் கண்டால் மதிலுக்கு மேலால், "இண்டைக்கு ஒருக்காத்தான் எறங்கினா" என்று தகவல் சொல்வார். டோரினுக்கோ, மனசுக்குள் இருந்த மன்னிப்பை ஒழுங்காகக் கேட்க ஒரு சந்தர்ப்பம் வாய்க்கவில்லை.

இரண்டாம் வாரம் ஞாயிற்றுக்கிழமை வெள்ளவத்தையில் ஜவாஹிறாவின் தம்பி மகளுக்குக் கல்யாணம். பட்டுச்சாறியோடு நடுறோட்டில் டாக்சி தேட முடியாது என்று ஜவாஹிறா முகத்தைத் தூக்கினாள். டோரின் டாக்சி ஓடுகிற தன் அண்ணன் பீற்றரைக் கூப்பிட்டு இருவரையும் ஏற்றி அனுப்பிவிட்டு, கராஜில் ஒரு ஸ்டூலைப் போட்டுக் காவலிருந்தாள்.

மத்தியானம் பொப்பியின் வயிற்றுக்குக் கீழே "கீச்" என்று கேட்டது. பிறகு இன்னொன்று. பின்னேரம் டாக்சி வந்து நின்றபோது ஐந்து குஞ்சுகள் சால்வை மடிப்புகளுக்குள் தடக்கி விழுந்துகொண்டிருந்தன. ஒவ்வொன்றும் எலுமிச்சங்காய் அளவு.

மர்ஸூக் கல்யாணக் கோட்டைக் கழற்றாமலே முன்சீற்றில் ஏறி, முழங்காலில் நின்று பின்னால் எட்டிப் பார்த்தார். ஒரு குஞ்சு தட்டுத்தடுமாறி அவர் உள்ளங்கையில் ஏறியது. இந்த முறை பொப்பி கொத்தவில்லை.

"நானா," என்றாள் டோரின், "அண்டைக்கு நான் உங்களைச் சந்தேகப்பட்டது பெரிய பிழை. மன்னிச்சுக்கொள்ளுங்கோ."

மர்ஸூக் நிமிரவேயில்லை. "மிஸ், இங்க பாருங்க, இதுக்குக் கால்லயும் இறகு இருக்கு!"

ஜவாஹிறா சாறியைத் தூக்கிச் செருகிக்கொண்டு, கொண்டுவந்த புரியாணிப் பார்சலைக் காரின் முன்பக்கப் பொனற்றில் வைத்துப் பிரித்தாள். இறைச்சி படாத சோறாகப் பார்த்து ஒரு பிடி அள்ளி, பொப்பிக்கு முதலில் வைத்தாள். பிறகுதான் டோரினுக்குத் தட்டு எடுத்துவர உள்ளே போனாள்.